பத்தியச் சோறும் பிள்ளையின் பாலும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும். சிசேரியன் செய்து மூன்று கிழமை. துடக்குக் கழியும்வரை பத்தியம் என்று அம்மா வெள்ளைச் சோறு, சரக்குக் கறி, உள்ளி மட்டும் தருகிறார். கீரை, பழம், பருப்பு, தயிர் எதுவும் கிடையாது. தண்ணீர்கூட அளந்துதான். மாமி பால் ஊறட்டும் என்று சுறா வறை செய்து அனுப்புகிறார். கனடாவில் இருக்கிற அக்கா பால், உள்ளி, உறைப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார், அதுதான் பிள்ளைக்கு வாயுவாம். பக்கத்து வீட்டில், "உன்ரை பால் தண்ணியாய்க் கிடக்கு, பால்மாவைக் கரைச்சுக் குடு" என்கிறார்கள். பிள்ளை பின்னேரத்தில் விடாமல் அழுகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பக்கத்து வீட்டைத் தவிர மற்ற மூன்று பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் சரி இருக்கிறது. என் பதிலை ஒரு வரியில் கேட்டால்: பத்தியம் உங்கள் சாப்பாட்டில் எதைக் கூட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், எதைக் கழிக்கிறதோ அதைத் திரும்பச் சேருங்கள். ஏன் என்று இனிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தத் "தண்ணிப் பால்" கதை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான், எல்லாத் தாய்மாருக்கும் அப்படித்தான். பிள்ளை குடிக்கத் தொடங்கும்போது வருகிற பால் மெல்லிதாக, சிலவேளை நீலம் பாய்ந்த மாதிரி இருக்கும். மார்பு வெறுமையாக வெறுமையாகக் கொழுப்புக் கூடி, கடைசியில் வருகிற பால் தடிப்பாக இருக்கும். பீச்சி எடுத்துக் கண்ணாடிக் குவளையில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முன்னால் வருகிற பாலைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நீங்கள் செய்யவேண்டியது ஒரு பக்கத்தை முழுதாகக் குடிக்க விடுவதுதான். பிள்ளை தானாக விட்ட பிறகு மற்றப் பக்கம்.

100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் பால்வெல்லம் 7 கிராம் அளவில் இருக்கும், புரதம் 1 கிராமுக்குக் கிட்ட, கொழுப்பு 3.5 முதல் 4 கிராம் வரை. இந்த மூன்றின் அளவும் நீங்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆபிரிக்காவின் காம்பியாவில் கெனேபா என்ற கிராமத்தில், வருடத்தில் பாதி நாள் அரைவயிறாக வாழ்ந்த தாய்மாருக்கு மேலதிக உணவு கொடுத்து 1980களில் ஆய்வு செய்தார்கள். தாய்மாரின் உடம்பு கொஞ்சம் தேறியது, பாலின் அளவு கூடவில்லை. அதாவது அரைவயிற்றோடும் அவர்கள் ஏற்கெனவே பிள்ளைக்குத் தேவையான அளவு பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இது எங்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதுக் கதையும் இல்லை. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், பால்மா கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில், கஞ்சி குடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த தாய்மார் இங்கே எத்தனையோ பேர்.

ஆனால் அந்தப் பால் சும்மா வருவதில்லை. கல்சியத்தை எடுங்கள். நீங்கள் பால், கீரை, நெத்தலி ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் தாய்ப்பாலில் கல்சியம் குறையாது, உங்கள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பாலூட்டும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி 3 முதல் 7 சதவீதம் வரை இறங்குவது வழமை. பால் மறந்த பிறகு அது திரும்ப ஏறிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ஏறுவதற்குச் சாப்பாடு வேண்டும். இரும்புச்சத்தும் ஃபோலேற்றும் இதே மாதிரித்தான், தாய் சாப்பிடுவதால் பாலில் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. சிசேரியனில் இரத்தம் போன ஒரு பெண் பத்தியத்தில் மெலிந்து தலைசுற்றிப் படுத்திருக்க, பிள்ளை மட்டும் கொழுகொழுவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். வீட்டில் எல்லாரும் பிள்ளையைப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். தாயைப் பார்க்க ஆள் இருக்காது. கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து, ஃபோலிக், கல்சியம் மாத்திரைகளை "பிள்ளை பிறந்துவிட்டதுதானே" என்று நிறுத்தாதீர்கள், அவை இப்போது உங்களுக்காக. இரும்பு மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், கல்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

பால் மட்டும் கொடுக்கும் தாய் ஒரு நாளில் 750 முதல் 800 மில்லிலீற்றர் வரை சுரக்கிறாள். அதற்கு ஏறத்தாழ 500 கலோரி போகிறது. ஒரு பகுதி கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்து போகும், மீதியைச் சாப்பிட வேண்டும். ஒரு நேரச் சாப்பாடு மேலதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு உழுத்தங்களி ஒரு கிண்ணம், பின்னேரம் ஒரு பிடி கச்சானும் ஒரு கப் பாலும் எடுத்தாலே போதும். கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கிடைத்தால் அது உங்களுக்குத்தான். வீட்டில் உள்ள எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்து முடித்துவிடுகிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, சாப்பாடு பாலைக் கூட்டாது என்றால் எது கூட்டும்? பிள்ளை குடிப்பதுதான். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நாங்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கச் சொல்லி அங்கேயே ஒரு தடை உண்டாகும். வெறுமையானால் அந்தத் தடை நீங்கும். பால் சுரக்க வைக்கும் புரோலக்ரின் இரவில்தான் கூட, ஆகையால் "இரவில் அம்மம்மா போத்தலில் கொடுக்கட்டும், நீ படு" என்கிற அன்பு இரண்டு கிழமையில் பாலைக் குறைத்துவிடும். சிசேரியன் செய்தவர்களுக்குப் பால் இறங்குவது ஓரிரு நாள் பிந்தலாம். மூன்றாம் கிழமையில் நிற்கும் உங்களுக்கு அது தாண்டிவிட்டது.

தண்ணீர் விசயத்தில் அம்மாவோடு நான் உடன்பட மாட்டேன். "தண்ணி குடிச்சால் வயிறு போடும், புண் ஆறாது" என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தண்ணீரை அடக்கினால் மலச்சிக்கல் வரும், சலக்கடுப்பு வரும், தையல் போட்ட வயிற்றோடு முக்குவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக வலிந்து ஐந்து லீற்றர் குடித்தால் பால் கூடும் என்பதும் பொய். பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் உங்களுக்குத் தாகம் எடுக்கும், அது இயல்பு. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும், தாகம் தீரக் குடியுங்கள். சுடுதண்ணீராக இருந்தால்தான் அம்மா விடுவார் என்றால் சுடுதண்ணீராகவே குடியுங்கள், அதில் சண்டை எதற்கு.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லாச் சத்தும் தாயின் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவதில்லை. சில சத்துகள் தாயின் சாப்பாட்டில் குறைந்தால் பாலிலும் குறையும், பிள்ளையையும் தாக்கும். தயமின் எனப்படும் விற்றமின் பி1, பி12, ஏ, டி, அயடின், செலெனியம் ஆகியவை அந்த வகை. இவற்றில் தயமினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பத்தியத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

தயமின் அரிசியின் தவிட்டில் இருக்கிறது. தீட்டி வெள்ளையாக்கினால் தவிட்டோடு போய்விடும். மிச்சம் இருப்பதும் அரிசியைப் பலமுறை கழுவி, சோற்றை வடித்துக் கஞ்சியை ஊற்றிவிட்டால் போய்விடும். உடம்பில் இதன் சேமிப்பு மிகக் குறைவு, சில கிழமைக்குத்தான் தாங்கும். வெள்ளைச் சோற்றோடு ஒன்றிரண்டு கறி மட்டும் சாப்பிடும் தாயின் பாலில் தயமின் இறங்கிவிடும். கம்போடியா, லாவோஸ், காஷ்மீர் போன்ற இடங்களில் இன்றும் இப்படிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அங்கேயும் கதை ஒன்றுதான்: தீட்டிய அரிசி, பிள்ளைப்பேற்றுக்குப் பின் கடும் உணவுக் கட்டுப்பாடு. இரண்டு மூன்று மாதப் பிள்ளை, பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பால் குடிக்க மறுக்கும், சத்தி எடுக்கும், அழுதால் சத்தம் கம்மிப்போயிருக்கும் அல்லது வாய் மட்டும் அழும், சத்தம் வராது. பிறகு மூச்சு வாங்கும், இதயம் தளரும். தாய்க்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பிள்ளை தேறிவிடும், விட்டால் உயிர் போகும்.

அப்படியானால் எங்கள் அம்மம்மாமார் எப்படித் தப்பினார்கள்? அவர்களுடைய பத்தியச் சோறு சிவப்புப் புழுங்கல் அரிசியில் ஆக்கியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு குற்றினாலும் முழுதாகப் போகாது. இதை உலகம் அறிந்துகொண்டதிலும் எங்கள் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு. நூறு வருடத்துக்கு முந்திய மலாயாவில் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி என்ற தயமின் குறைபாட்டு நோயால் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள், புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அநேகமாக வரவே இல்லை. வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் 1905இல் தொடங்கி கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பாதிப் பேருக்குப் புழுங்கலும் மீதிப் பேருக்கு வெள்ளையும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை சாப்பிட்ட பக்கத்தில்தான் நோய் வந்தது.

இன்றைக்கு நடப்பது என்னவென்றால், அம்மம்மாவின் கட்டுப்பாடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கிநின்ற அரிசியை மட்டும் மாற்றிவிட்டோம். கடையில் வாங்கும் தீட்டிய வெள்ளை அரிசி, அதுவும் வடித்தது. என்னைக் கேட்டால் இந்த முழுப் பத்தியத்திலும் திருத்தவேண்டிய முதல் விசயம் இதுதான். அம்மாவிடம் சொல்லிச் சிவப்புப் புழுங்கலுக்கு மாறுங்கள். ஒருமுறை கழுவினால் போதும். வடித்த கஞ்சியை ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள், தாகத்துக்கும் ஆகும். உழுந்து, பயறு, எள்ளு, கச்சான் எல்லாவற்றிலும் தயமின் உண்டு. உழுத்தங்களியில் உழுந்தும் நல்லெண்ணெயும் சேர்வது வீணான பழக்கம் இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். அதில் உள்ள துவர்ப்பு தயமினையும் கெடுக்கும், இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

அடுத்தது பி12. நீங்கள் மீன் சாப்பிடுகிறவர், உங்களுக்கு இதில் பிரச்சினை வர வாய்ப்புக் குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்தில் முழுச் சைவமாக இருக்கிற குடும்பங்கள் நிறைய, அவர்களுக்காகச் சொல்கிறேன். பி12 மரக்கறியிலோ கீரையிலோ பருப்பிலோ இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றில்தான். வெள்ளி செவ்வாய் சைவம், கந்தசஷ்டிக்குச் சைவம் என்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஈரலில் சேமிப்பு இருக்கும். வருடக்கணக்காக முழுச் சைவம், அதோடு பத்தியம் என்று பாலும் தயிரும் கூட நிறுத்தினால்தான் ஆபத்து. பிள்ளைக்கு நாலு மாதத்துக்குப் பிறகு தெரியத் தொடங்கும். சிரித்து விளையாடிய பிள்ளை மந்தமாகும், கழுத்து நின்ற பிள்ளைக்குக் கழுத்து தளரும், நிறம் வெளிறும், சில பிள்ளைகளுக்குக் கைகால் நடுங்கும். மூளை வளர்கிற காலம் என்பதால் பிந்திப் பிடித்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 2.8 மைக்ரோகிராம் தேவை. ஒரு பெரிய கப் பாலில் 1 மைக்ரோகிராம் அளவில் கிடைக்கும். பால் தயிர் தாராளமாக எடுக்கும் சைவக்காரர் சமாளிக்கலாம். பாலும் எடுக்காதவர்கள் டொக்டரிடம் சொல்லி மாத்திரை எடுத்தே ஆகவேண்டும்.

அயடினுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். கடல்மீனும் இருக்கிறது. உப்பை மூடி இறுக்கி வையுங்கள், இறக்கும் நேரத்தில் போடுங்கள். இயற்கை என்று இந்துப்புக்கு மாறியவர்கள் திரும்பி வரலாம். விற்றமின் டி வேறு மாதிரி. அது தாய்ப்பாலில் எப்போதும் குறைவு, சாப்பாட்டால் நிரப்பவும் கடினம். சில நாடுகளில் தாய்ப்பால் குடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தினம் 400 அலகு துளிமருந்து கொடுக்கிறார்கள். துடக்கு என்று ஒரு மாதம் அறையை மூடிக்கொண்டு இருப்பது நீங்கள் வெயில் காண்பதையும் நிறுத்திவிடுகிறது. காலையில் முற்றத்தில் கொஞ்சம் உலாவுங்கள், பிள்ளைக்குத் துளி தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

கொழுப்பைப் பற்றி ஒரு சுவையான விசயம். பாலில் கொழுப்பின் அளவு மாறாது என்றேன், ஆனால் அதன் வகை நீங்கள் சாப்பிடுவதைப் பொறுத்து ஒரு நாளுக்குள்ளேயே மாறும். தேங்காய் அதிகம் சாப்பிடும் தாய்மாரின் பாலில் தேங்காயில் உள்ள லோரிக் அமிலம் கூடுதலாக இருக்கும். மாஜரின், பணிஸ், ரோல்ஸ், கேக் என்று இருந்தால் அதில் உள்ள கெட்ட கொழுப்பும் அப்படியே போய்ச் சேரும். பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ என்ற கொழுப்பு மீனிலிருந்து வருகிறது. மீன் சாப்பிடும் தாயின் பாலில் அது தெளிவாகவே கூட இருக்கும்.

அதனால்தான் மாமியின் சுறா வறையைப் பற்றி யோசித்துப் பேசவேண்டியிருக்கிறது. பிள்ளைப்பெற்றவளுக்குச் சுறா கொடுப்பது எங்கள் கரையில் எவ்வளவு ஊறிய பழக்கம் என்று எனக்குத் தெரியும். அதில் நல்ல புரதம் உண்டு, முள் தொல்லை இல்லை, உள்ளியும் மிளகும் போட்டு உதிர்த்து வறுத்தால் வாய்க்கு ருசி. ஆனால் சுறா மற்ற மீனைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன். கடலில் உள்ள பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போய் அதன் சதையில் சேரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாலூட்டும் தாய்மார் தவிர்க்கவேண்டிய மீன்களில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. இதுவரை சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம், பாலில் இறங்கும் பாதரசம் கர்ப்பத்தில் பிள்ளைக்குப் போவதை விடக் குறைவு. எப்போதாவது குட்டிச் சுறா ஒரு வறை என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். கிழமைக்கு மூன்று நாள் பெரிய சுறாத் துண்டு என்றால் வேண்டாம். மாமிக்கு மனம் நோகாமல், "சூடை, நெத்தலி, ஒட்டி, விளைமீன் கிடைச்சால் அனுப்புங்கோ மாமி" என்று சொல்லிப் பாருங்கள். சூடையிலும் நெத்தலியிலும் டி.எச்.ஏ கூட, பாதரசம் குறைவு. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். விலையும் சுறாவை விட மலிவு.

சுறா பாலைக் கூட்டுமா என்றால், அதற்கு ஆதாரம் இல்லை. முருங்கையிலைக்குக் கொஞ்சம் இருக்கிறது, பிலிப்பீன்ஸில் செய்த சில சிறிய ஆய்வுகளில் பால் கூடியதாகக் கண்டிருக்கிறார்கள். கூடாவிட்டாலும் நட்டம் இல்லை, விற்றமின் ஏயும் கல்சியமும் நிறைந்த இலை அது, வேலியில் சும்மா கிடைக்கிறது. வறையாகவோ சொதியில் போட்டோ சாப்பிடுங்கள். வெந்தயத்துக்கு முடிவுகள் முன்பின்னாக இருக்கின்றன. கறிக்குப் போடுகிற அளவில் தாராளமாகப் போடலாம், கரண்டி கரண்டியாக விழுங்கினால் வயிற்றோட்டம் வரும், நீரிழிவு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கிவிடவும் கூடும். அம்மாவின் சரக்கு இருக்கிறதே, மல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பசியைத் தூண்டும், மீனின் வெடுக்கை எடுக்கும், சோறு இறங்கும். மஞ்சளைத் தூளாக வாங்காமல் முழுக்கிழங்காக வாங்கி இடித்தால் இன்னும் நல்லது, நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்த மஞ்சள் தூள் பங்களாதேஷில் பிடிபட்டிருக்கிறது.

இப்போது அக்காவின் பட்டியல். வாயு என்பது தாய் சாப்பிட்ட நார்ச்சத்து அவளுடைய பெருங்குடலில் புளிக்கும்போது உண்டாகிற காற்று. அந்தக் காற்றோ நாரோ இரத்தத்தில் ஏறிப் பாலுக்குள் வராது. பருப்பு, கிழங்கு, பலாப்பழம் சாப்பிட்டால் உங்களுக்கு வயிறு ஊதலாம், பிள்ளைக்கு அல்ல. பால்வெல்லமும் அப்படியே, நீங்கள் பசுப்பால் குடிப்பதால் தாய்ப்பாலில் அது கூடாது. "குளிர்" என்று விலக்கிய தயிர், தோடம்பழம், பப்பாசிப்பழம் பிள்ளைக்குத் தடிமன் கொடுக்காது, தடிமன் வருவது கிருமியால். பிள்ளையை முத்தமிட வருகிற சொந்தக்காரரைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும்.

பாலுக்குள் வருவது வாசம். 1991இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜூலி மெனெல்லா, கேரி போஷாம் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மாருக்கு உள்ளிக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் உள்ளி மணம் உச்சத்துக்கு வந்தது. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் அவர்கள் மார்பை விடாமல் கூட நேரம் சூப்பினார்கள். பிறகு செய்த ஆய்வில், தாய் கரட் சாறு குடித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஆறு மாதத்துக்குப் பிறகு கரட் சேர்த்த உணவை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே உள்ளியில் அம்மா வென்றார், அக்கா தோற்றார். அதே கணக்கில் ஒரே மாதிரியான பத்தியக் கறியில் ஆறு மாதம் இருக்கும் தாய், பிள்ளைக்குப் பல ருசியை அறிமுகப்படுத்தும் வாய்ப்பை விட்டுவிடுகிறாள் என்றும் சொல்லலாம்.

அப்போ பின்னேர அழுகை? இரண்டு மூன்று கிழமையில் தொடங்கி, ஆறாம் கிழமை அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்குகிற அழுகை இது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும், பால்மா குடிக்கும் பிள்ளைக்கும் வரும். எந்தச் சாப்பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கிற நாள் ஒன்று வரும், அன்றைக்கு எதை நிறுத்தியிருந்தீர்களோ அதன் தலையில் பழி விழும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தாய் குடிக்கும் பசுப்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் பாலுக்குள் வரும், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவருக்கு அது ஒவ்வாது. அதற்கு வெறும் அழுகை மட்டும் அடையாளம் இல்லை. மலத்தில் இரத்தக் கீற்றோ சளியோ, விடாத சத்தி, தோலில் கரப்பன், நிறை ஏறாமை என்று வேறும் இருக்கும். அப்படி இருந்தால் டொக்டரைக் கேட்டு இரண்டு முதல் நாலு கிழமை பால், தயிர், பால்மா எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்து, பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஒவ்வாமை வந்துவிடுமோ என்று முன்கூட்டியே முட்டை, கச்சான், இறால் என்று ஒவ்வொன்றாக விலக்குவதில் பயன் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சில வீடுகளில் பிள்ளைப்பெற்றவளுக்கு முட்டைக் கோப்பியில் பிரண்டி விட்டுக் கொடுப்பார்கள், உடம்புக்குச் சூடு என்று. இரத்தத்தில் எவ்வளவு மதுவோ பாலிலும் அவ்வளவு இருக்கும், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உச்சம். பால் இறங்கச் செய்யும் ஒக்ஸிரோசினையும் அது அடக்கும், பிள்ளைக்குக் கிடைக்கும் பால் குறையும். பிரண்டி வேண்டாம், முட்டையை அவித்துச் சாப்பிடுங்கள். கோப்பி, தேத்தண்ணி நாளைக்கு இரண்டு மூன்று கப் பரவாயில்லை. அதற்கு மேல் போனால், பிறந்த பிள்ளையின் உடம்பு கஃபீனை வெளியேற்ற நாட்கணக்கில் எடுக்கும், தூங்காமல் கிடக்கும்.

பால்மா விசயத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று தனியான ஒரு கவலை இருக்கிறது. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது, தோட்டத்தில் போடும் யூரியாவும் எருவும் நேரே கீழே இறங்கும். வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் சின்னப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம், உதடும் நகமும் நீலம் பாயும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதே கிணற்றுத் தண்ணீரைத் தாய் குடித்தால் நைத்திரேற்று பாலில் அப்படிச் சேர்வதில்லை. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தனித் தண்ணீர், ஓமத் தண்ணீர், மல்லித் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்பதற்கு இங்கே இது ஒரு கூடுதல் காரணம்.

அம்மாவோடு எப்படிக் கதைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பத்தியத்தை நிறுத்தச் சொன்னால் அவர் உடைந்துபோவார். முப்பத்தொரு நாளும் கூடவே இருந்து உங்களுக்காகச் சரக்கு இடிப்பவர் அவர்தான். அதற்குள்ளேயே சேர்க்கக் கூடியதைச் சேருங்கள்: சரக்குக் கறிக்குள் முருங்கையிலை, புழுங்கல் சோறு, பயறு போட்ட கஞ்சி, அவித்த முட்டை, ஒரு கப் சூடான பால். "சூடு" என்று அவர் ஏற்றுக்கொள்ளும் பொருள்களில் இவை பெரும்பாலும் அடங்கும். பழத்துக்கு முதலில் வாழைப்பழத்தில் தொடங்கி மெல்லப் பப்பாசிக்குப் போகலாம். முடியாவிட்டால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலே சொல்லி வைத்து, அவர் வாயால் சொல்ல வையுங்கள். மகள் சொன்னால் எடுபடாதது அவர் சொன்னால் எடுபடும்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்காதீர்கள். நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் நிறமில்லாத சலம் போகிறதா, இரண்டாம் கிழமை முடிவில் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட்டதா, அதற்குப் பிறகு கிழமைக்கு 150 முதல் 200 கிராம் ஏறுகிறதா என்று பாருங்கள். கிளினிக் புத்தகத்தில் உள்ள கோடு சொல்லும். பிள்ளை குடிக்க மறுத்தால், சத்தம் கம்மி அழுதால், வேகமாக மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சலம் போகாவிட்டால், மஞ்சள் நிறம் இரண்டு கிழமைக்குப் பிறகும் நின்றால் அல்லது மலம் வெள்ளையாகப் போனால், பத்தியத்தையும் கேள்வியையும் விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகும்போது நீங்கள் என்ன சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்கள் அதைக் கேட்பதில்லை.